தைல வண்ண நிலக்காட்சியைப் படியெடுத்துப் பயிலுதல்

தைல வண்ண நிலக்காட்சியைப் படியெடுத்துப் பயிலுதல் என்பது, நடப்பியல் பாணியில் அமைந்த ஒரு நிலத்தோற்ற ஓவியத்தை முன்னே வைத்துக்கொண்டு, அதன் கோடு, ஒளிநிழல், நிறம், பூச்சு ஆகியவற்றை மீண்டும் செய்து பார்ப்பதன் வழியாகத் தைல வண்ண நுட்பத்தைக் கற்கும் முறை ஆகும். தைல ஓவியம், எண்ணெய் வண்ண ஓவியம், நெய்வண்ண ஓவியம் என்பன ஒரே பொருளில் வழங்கும் பெயர்கள். ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்து கற்பிக்க இயலாத இடங்களில் ஓவியமே ஆசிரியராக அமைவதால், இம்முறை உலகின் பல பகுதிகளில் பரவலாக இருந்து வந்துள்ளது. தமிழகத்தில் இதன் வரலாறு மதுரையோடு நெருங்கிய தொடர்புடையது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிதாங்கூர் அரசவைக்குத் தைல வண்ணக் கலையைக் கொண்டு சென்றவராகக் குறிப்பிடப்படும் அழகிரி நாயுடு மதுரையைச் சேர்ந்தவர்.

சொல்லும் பொருளும்

படியெடுத்தல் என்பதையும் போலி செய்தல் என்பதையும் வேறுபடுத்திக் காண்பது அவசியம். பயிலுபவர் மூல ஓவியத்தின் பெயரையும் ஓவியரையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டுத் தம் பயிற்சிக்காகச் செய்வது படியெடுத்தல். மூலம் இதுவே என்று பிறரை நம்பவைக்கும் நோக்குடன் செய்வது போலி. பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறக்கப்பட்ட காலம் முதலே அங்குப் படியெடுப்போர் அனுமதிக்கப்பட்டு வருகின்றனர். ஆனால் படியானது மூலத்தின் அளவிலேயே இருத்தல் கூடாது என்பது அங்குள்ள விதி. வேறுபாட்டைக் காக்கும் எளிய வழி இது.

தமிழகத்து ஓவியப் பேச்சில் "பார்த்துப் போடுவது" என்ற தொடர் வழங்குகிறது. இது பெரும்பாலும் சற்று இளக்காரத்துடன் சொல்லப்படுவதாகும். சொந்தமாக வரையத் தெரியாதவர் பார்த்துப் போடுகிறார் என்பது அதன் உட்பொருள். இந்த இளக்காரம் முழுவதும் நியாயமானது அன்று என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

மதுரையும் தைல வண்ணமும்

தமிழக மரபில் சுவரோவியத்துக்கும் துணி ஓவியத்துக்கும் நீரில் கரையும் பசைகளே பயன்பட்டன. எண்ணெயைப் பிணைப்பியாகக் கொண்ட ஐரோப்பிய முறை குடியேற்றக் காலத்தில் வந்ததாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த பிரான்சிசு சுவைன் வார்டு 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் தைல வண்ணத்தில் தீட்டினார்.

தொழில்முறை ஓவியர்களான தாமசு டேனியலும் (1749–1840) அவர்தம் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் (1769–1837) 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை சென்றனர். மதுரைக் கோட்டையையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர்கள் வரைந்தனர். அவர்களுடைய "ஓரியண்டல் சீனரி" தொகுதிகளில் (1795–1808) அமைந்த 144 அச்சுப் படங்களுள் மதுரைக் காட்சிகளும் இடம்பெற்றன. களத்தில் பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு குறித்தவற்றையே ஊர் திரும்பிய பின் தைல வண்ணத்தில் பெரிதாக்கினர். ஆகவே இவர்களுடைய இந்தியத் தைல ஓவியங்களிற் பலவும் ஒரு வகையில் படியெடுப்புகளே. பதினைந்து பதினாறு வயதிலேயே சிற்றப்பனுடன் கப்பலேறிய வில்லியம், அவருடைய கோடுகளைத் தெளிவுபடுத்தியும் படியெடுத்தும் தொழில் கற்றவர்.

அழகிரி நாயுடு, சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்தில் திருவிதாங்கூரில் இருந்தவர். தென்னிந்தியாவின் சிறந்த ஓவியர் என அக்காலத்தில் கருதப்பட்டார். கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்த இராச இராச வர்மா இவரிடம் பயின்றார். இந்த இராச இராச வர்மாவின் மருமகனே ஓவியர் இரவி வர்மா (1848–1906) ஆவார். அழகிரி நாயுடுவின் மாணாக்கர் இராமசாமி நாயக்கர் (நாயுடு எனவும் எழுதப்படுவதுண்டு) ஆயில்யம் திருநாள் காலத்தில் அரசவை ஓவியராக விளங்கினார்.

மறைக்கப்பட்ட நுட்பம்

1862-இல் பதினான்கு வயதுச் சிறுவனாகத் திருவனந்தபுரம் வந்த இரவி வர்மாவுக்குத் தைல வண்ண நுட்பத்தைக் கற்பிக்க இராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசிரியருக்குத் தெரியாமல் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்பதும் அவற்றில் காணப்படும் செய்தி. 1868-இல் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரசவைக்கு வந்தார். அவரும் கற்பிக்க முன்வரவில்லை. எனினும் அரசரின் சொல்லுக்கு இணங்கி, தாம் தீட்டும்போது பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். மற்றவற்றை இரவி வர்மா ஏட்டுப் படங்களையும் அரண்மனையில் இருந்த ஐரோப்பிய ஓவியங்களையும் பார்த்துத் தாமே செய்து செய்து கற்றுக்கொண்டார்.

இந்நிகழ்வில் நாயக்கரைக் குறுமனத்தவராகக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் கைத்தொழில் இரகசியம் என்பது அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டோடு பிணைந்தது. எண்ணெயை எவ்வளவு காய்ச்சுவது, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் நிற்கும் என்பவற்றை அறிந்தவர் ஒருவரே ஊரில் இருக்கும்வரைதான் அவருக்கு அரசவையில் மதிப்பு. அரச குடும்பத்தோடு உறவுடைய இளைஞன் ஒருவன் அதே தொழிலுக்கு வருவதை அவர் அஞ்சியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் நடந்ததும் அதுவே. இரவி வர்மாவின் பெயர் நாடெங்கும் நிலைத்தது. அழகிரி நாயுடுவும் இராமசாமி நாயக்கரும் பிறர் வரலாற்றில் வரும் துணைப் பெயர்களாகவே எஞ்சினர்.

நிலத்தோற்றத்தைப் பொறுத்தவரை இரவி வர்மாவைக் காட்டிலும் அவருடைய தம்பி சி. இராச இராச வர்மாவே (1860–1905) குறிப்பிடத்தக்கவர். அண்ணனின் புராணக் காட்சிகளுக்குப் பின்னணியாக அமைந்த மலை, நீர், மரம் ஆகியவற்றில் இவருடைய கைவண்ணம் உண்டு. தனி நிலக்காட்சிகளையும் தீட்டினார். மதுரையிலிருந்து தொடர்வண்டியில் சென்று வரக்கூடிய திருவனந்தபுரத்தில், 1935-இல் தொடங்கப்பட்ட சிறீ சித்திரா கலைக்கூடம் உடன்பிறந்தோர் இருவரின் மூல ஓவியங்களையும் வைத்துள்ளது. அச்சுப் படத்தை மட்டும் பார்த்துப் பயின்ற மாணவர் ஒருவர் மூலத்தின் முன் அரை மணி நேரம் நிற்பது பல மாதப் பயிற்சிக்கு ஈடாகும்.

அச்சுப்படம், நாடகப் படுதா, நாட்காட்டி

1894-இல் மும்பையில் இரவி வர்மா தொடங்கிய அச்சகம் வெளியிட்ட ஒலியோகிராப் படங்கள் தமிழ் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. தைல ஓவியத்தின் தோற்றத்தை அச்சில் தருவதே இவற்றின் நோக்கம். மூலத்தைக் காணும் வாய்ப்பற்ற ஓவியர்கள் இவற்றைப் பார்த்தே பயின்றனர். படியின் படியாக இப்பயிற்சி அமைந்ததால் தூரிகையின் போக்கும் வண்ணப் பூச்சின் தடிப்பும் அவர்களுக்குக் கிட்டவில்லை. நிறமும் அமைப்பும் மட்டுமே கிட்டின.

மற்றொரு பயிற்சிக்களம் நாடக மேடை. சங்கரதாசு சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில்தான். இத்தகைய நாடக சபைகளுக்குத் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என வரையறுக்கப்பட்ட படுதாக்கள் தேவைப்பட்டன. பழைய படுதா கிழிந்ததும் அதைப் பார்த்துப் புதியது தீட்டப்படும். ஒளிப்பட நிலையங்களின் பின்திரைகளும் இவ்வாறே பெருகின. ஏரி, படகு, பனிமலை, மாளிகைப் படிக்கட்டு ஆகியன அவற்றில் இடம்பெற்றன. பனியையே காணாத ஊர்களில் பனிமலை இவ்வளவு உறுதியாக வேரூன்றியதற்கு இப்படியெடுப்பு வழக்கமே காரணம் எனலாம்.

சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராசு (1898–1976) நாடகப் படுதா வரைந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, தி. சு. சுப்பையா உள்ளிட்ட மாணாக்கர்களைக் கொண்ட ஓவியர் குழு ஒன்றை உருவாக்கினார். மதுரைக்குத் தெற்கே சிவகாசி அச்சகங்களில் அச்சான நாட்காட்டிகள் வாயிலாக இவர்களுடைய தெய்வப் படங்கள் பரவின. இவற்றில் பல தைல வண்ணத்தில் அமைந்தவை அல்ல. எனினும் தெய்வ உருவத்துக்குப் பின்னே வரும் நீலமலையும் ஓடையும் மேற்கத்திய நிலக்காட்சிப் பயிற்சியின் எச்சங்கள் ஆகும். ஆசிரியர் படத்தைப் பார்த்து மாணாக்கர் வரைவது, மாணாக்கர் வரைந்ததை ஆசிரியர் திருத்துவது என்ற முறையே அங்கும் நிலவியது.

கலைப் பள்ளிகளில் எழுந்த விவாதம்

சென்னைக் கலைப் பள்ளி 1850-இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர் என்பவரால் தொடங்கப்பட்டது. குடியேற்றக் காலக் கலைப் பள்ளிகளில் சுதை உருவங்களையும் அச்சுப் படங்களையும் பார்த்து வரைவது தொடக்கநிலைப் பாடமாக இருந்தது. இதை வன்மையாக எதிர்த்தவர்களுள் ஈ. பி. ஆவெல் ஒருவர். 1884 முதல் சென்னையில் பணியாற்றிய இவர் 1896-இல் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கு ஐரோப்பிய ஓவியங்களை நீக்கி இந்திய ஓவியங்களைப் பாடப்பொருளாக்க முயன்றார். வியப்பு என்னவெனில், இந்திய மாணவர்களிடையேயே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தைல வண்ண நடப்பியலைக் கற்றால்தான் உருவப்படமும் நிலக்காட்சியும் தீட்டி வருவாய் ஈட்ட முடியும் என்பது அவர்கள் வாதம். இரண்டாந்தரக் கலையைத் தமக்கு ஒதுக்குகிறார்கள் என்ற ஐயமும் அதில் கலந்திருந்தது.

சென்னையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975) முதல்வராக இருந்த காலத்தில், 1957 வரை, மாணவர்கள் வெளியிடங்களுக்குச் சென்று நேரில் பார்த்து வரைவது ஊக்குவிக்கப்பட்டது. அவரையடுத்துப் பொறுப்பேற்ற கே. சி. எசு. பணிக்கர் காலத்தில் நடப்பியலே பின்னுக்குச் சென்றது. அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் அமைந்துள்ளன. மதுரை வட்டார மாணவர் பலர் தனிப் பயிற்சியிலும் படியெடுப்பிலுமே தொடங்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்முறை

எடுத்துக்காட்டாக ஆங்கில ஓவியர் சான் கான்சுடபிள் (1776–1837) 1821-இல் தீட்டிய "வைக்கோல் வண்டி" என்னும் ஓவியத்தைக் கொள்ளலாம். இலண்டன் தேசிய காட்சியகத்தில் உள்ள இது ஏறத்தாழ 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் கொண்டது. ஆற்றில் நிற்கும் வண்டி, இடப்புறம் ஒரு வீடு, வலப்புறம் திறந்த புல்வெளி, மேலே மேகம் நகரும் வானம் என எளிய அமைப்புடையது. கான்சுடபிளே படியெடுத்துக் கற்றவர். 1823-இல், நாற்பத்தேழு வயதில், புகழ்பெற்ற ஓவியராக இருந்த நிலையிலும் கிளாடு லொரேனின் ஓவியங்களை நண்பர் வீட்டில் தங்கிப் படியெடுத்தார்.

முதற்படி கட்டமிடுதல். மூலப் படத்தின் மீதும் கித்தானின் மீதும் ஒரே எண்ணிக்கையிலான சதுரங்களை இட்டுக் கோடுகளை மாற்றுவர். இவ்வாறு 46 × 65 செ.மீ. அளவில் செய்தால் மூலத்தின் விகிதம் கெடாது. கித்தான் முன்பூச்சு இடப்பட்டதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் எண்ணெய் நூலில் ஊறி நாளடைவில் துணியை அழித்துவிடும்.

அடுத்து, வெள்ளைக் கித்தானின் மீது டர்பன்டைனில் கரைத்த பழுப்பு நிறத்தை மெல்லியதாகப் பூசுவர். வெள்ளைப் பரப்பின் மீது எந்த நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும் என்பதால் இது தேவையாகிறது. பின்னர்ப் பழுப்பு ஒன்றைக் கொண்டே ஒளியும் நிழலும் பிரிக்கப்படும். இந்நிலையைத் தொடக்கநிலையாளர் பலர் தாண்டிச் செல்ல விரும்புவர். பச்சையைப் பூசும் ஆவல் அப்படிப்பட்டது. ஆனால் நிலக்காட்சியில் ஆழத்தைத் தருவது நிறத்தைவிட ஒளி அளவே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் "வைக்கோல் வண்டி"யில் ஐந்தாறு ஒளிப் படிநிலைகளே எஞ்சும். அவற்றைச் சரியாக அமைத்துவிட்டால் நிறத்தில் நேரும் பிழைகள் பெரிதாகத் தெரியா.

வண்ணப்பூச்சில் மாற்ற இயலாத விதி ஒன்று உண்டு. எண்ணெய் குறைந்த பூச்சு கீழேயும் எண்ணெய் மிகுந்த பூச்சு மேலேயும் அமைதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து திண்மமாகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாக உலரும். அதன் மேல் விரைந்து உலரும் பூச்சை இட்டால், கீழ்ப்படலம் நகரும்போது மேற்படலம் வெடிக்கும். நிறத்துக்கு நிறம் உலரும் காலமும் வேறுபடும். மாங்கனீசு கலந்த அம்பர் ஓரிரு நாளில் தொடும் அளவு உலரும். டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் நிறங்களும் ஒரு வாரத்துக்கு மேலும் ஈரமாக இருக்கலாம். மதுரையின் கோடை வெப்பம் மேற்பரப்பை விரைவில் இறுகச் செய்யும், உட்பகுதி உலர்ந்துவிட்டதாக இதனால் எண்ணிவிடக் கூடாது. மெருகெண்ணெய் பூசுவதற்கு ஆறு மாதமாவது காத்திருப்பது வழக்கம்.

பச்சை நிறம் தனிக் கவனத்துக்குரியது. குழாயில் வரும் பச்சையை நேரடியாகப் பூசினால் படம் விளம்பரப் பலகை போலாகும். அல்ட்ராமரைன் நீலத்துடன் மஞ்சள் காவியும் சிறிது பர்ன்ட் சியன்னாவும் கலந்து பெறும் பச்சை இலைக் கூட்டங்களுக்குப் பொருந்தும். கான்சுடபிள் தம் பசுமையின் நடுவே குதிரைச் சேணத்தில் சிறு சிவப்புப் புள்ளிகளை வைத்தார். அவற்றை விரலால் மறைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள பச்சை முழுதும் மங்குவதைக் காணலாம். நூலில் படிப்பதைவிடப் படியெடுக்கும்போது இத்தகைய செய்தி எளிதில் பிடிபடுகிறது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைப்பது ஆபத்தானது. உலரும் வினையில் வெளிப்படும் வெப்பத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தவோ நீரில் இட்டு வைக்கவோ வேண்டும். டர்பன்டைன் பயன்படுத்தும் அறைக்குக் காற்றோட்டம் தேவை. காட்மியம், ஈயம் ஆகியவை அடங்கிய நிறங்கள் நச்சுத்தன்மை உடையவை. ஆதலால் தீட்டும்போது உண்பதைத் தவிர்த்தல் நன்று.

இங்கிலாந்தின் நண்பகலும் மதுரையின் நண்பகலும்

"வைக்கோல் வண்டி" 1821-இல் முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது "நிலத்தோற்றம்: நண்பகல்" என்றே பெயரிடப்பட்டிருந்தது. மதுரை மாணவருக்கு இப்பெயர் முக்கியமானது. காட்சி அமைந்த சஃபோக் பகுதி ஏறத்தாழ வடக்கு 52 பாகையில் உள்ளது. நடுக்கோடையிலும் அங்குச் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 61 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. எனவே நண்பகலிலும் பத்தடி மரத்துக்கு ஐந்தடிக்கும் கூடுதலான நிழல் விழும். மதுரை வடக்கு 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகத்து இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் பனைமரத்தின் நிழல் அதன் கொண்டைக்கு நேர் கீழே வட்டமாகச் சுருங்கிக் கிடக்கும். தரை கண்கூசும் வெளிச்சமாகவும், சுவர், மரத்தண்டு, மனித முகம் போன்ற செங்குத்துப் பரப்புகள் இருளாகவும் இருக்கும்.

ஆகவே ஆங்கில ஓவியத்திலிருந்து கற்ற ஒளியமைப்பை அப்படியே மாட்டுவண்டிக்கும் பனைமரத்துக்கும் பொருத்தினால், படம் எந்த ஊருக்கும் உரியதாகாது. நாட்காட்டிக் கிராமங்கள் பலவற்றில் இக்குறை உண்டு. பொருட்கள் தமிழகத்தவை, வெயில் இங்கிலாந்தினுடையது.

தொலைவைக் காட்டும் முறையும் வேறுபடும். ஈரக் காற்றுள்ள நாடுகளில் தொலைமலை படிப்படியாக நீலமாகும். மதுரையின் குன்றுகள் சமவெளியில் திடீரென எழும் வெறும் பாறைகள். மேலூர்ச் சாலையில் நீண்டு கிடக்கும் யானைமலை, மேற்கே நாகமலை, கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர் மலை, தெற்கே திருப்பரங்குன்றம் ஆகியன அத்தகையவை. கோடையில் புழுதி மூட்டத்தில் அவை நீலத்தைவிடச் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்தே தோன்றும். ஐப்பசி மழைக்குப் பின் பாறையின் வெடிப்பு வரை தெளிவாகத் தெரியும். அப்போது நிற மாற்றத்தைக்கொண்டு தொலைவைக் காட்ட இயலாது. முன்னே நிற்கும் கருவேலமும் நடுவே விரியும் கண்மாயும் பின்னே எழும் பாறையும் ஒன்றையொன்று மறைக்கும் முறையாலேயே ஆழத்தைக் காட்ட வேண்டும். வைகையில் ஆண்டின் பல மாதங்கள் மணலே தெரிவதால், நீர்நிறம் குறித்துக் கற்ற பாடம் பெரும்பாலும் மணல்நிறம் குறித்த பாடமாக மாற்றிக் கொள்ளப்படுகிறது.

இக்காரணத்தால் ஒரு படியெடுப்பை முடித்த உடனே, அதே அளவுக் கித்தானில், அதே வண்ணங்களைக் கொண்டு, அருகிலுள்ள கண்மாய்க் கரையிலோ வண்டியூர்த் தெப்பக்குளத்திலோ அமர்ந்து நேரடியாக ஒரு காட்சியைத் தீட்டுவது பயனுடையது. வெயில் நகர்வதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒளி நிலைக்காது. காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது.

மூலத்தைத் தெரிவு செய்தலும் உரிமையும்

அச்சுப் படமும் கணினித் திரையும் நிறத்தைத் திரித்துக் காட்டும். ஒரே ஓவியத்தின் இரு அச்சுகளை அருகருகே வைத்தால் வானம் ஒன்றில் பச்சை கலந்தும் மற்றொன்றில் ஊதா கலந்தும் இருப்பதைக் காணலாம். அருங்காட்சியகங்களே வெளியிடும் உயர் தெளிவுப் படங்களைப் பயன்படுத்துவது ஓரளவு தீர்வாகும். தொடக்கத்தில் முழு ஓவியத்தைவிட, ஒரு மரமும் அதன் பின்னுள்ள வானமும் அடங்கிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது சோர்வைத் தவிர்க்கும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அவர் ஓவியத்துக்கு உரிமை நீடிக்கும். கான்சுடபிள், இரவி வர்மா, இராச இராச வர்மா ஆகியோரின் ஓவியங்களுக்கு இக்காலம் கடந்துவிட்டது. ராய் சௌத்ரியின் படைப்புகளுக்கு 2035 முடியவும் கொண்டைய ராசுவின் படைப்புகளுக்கு 2036 முடியவும் உரிமைக்காலம் உள்ளது. தனிப்பட்ட பயிற்சிக்காகப் படியெடுப்பதைச் சட்டம் நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. அதனை விற்பது வேறு. படியின் பின்புறத்தில் மூல ஓவியர் பெயர், ஓவியத்தின் பெயர், படியெடுத்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைப்பது ஓவியரிடையே உள்ள நல்வழக்கம்.